மிச்சக் குரல்

தபால் பிரிப்புக்கூடத்தில் அவருக்குச் 'சுரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பாடகர் குழுவுக்குப் பாட்டைப் பாகம் பிரித்து எழுதுகிறவர் என்பதால் வந்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் எதிரே வந்து நின்றாலே உடம்பு கொதிக்கிறது, அதனால் வைத்த பெயர் என்று கவுண்டர் பெண்மணி நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். இரண்டு காரணத்துக்கும் பொருந்தும்படிதான் மனிதர் நடந்துகொண்டார்.

குழுவில் பதினோரு பேர். வாரத்தில் இரண்டு நாள், பகல் ஷிப்ட் முடிந்து மாலை ஷிப்ட் தொடங்கும் முன்னே கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், பிரிப்பு மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாடுவார்கள். சூப்பர்வைசர் எதிரே நின்று கையை ஆட்டுவார். மற்ற நேரங்களிலும் அவர் வேலை அதுதான் என்பது பொதுவான அபிப்பிராயம்.

நான்கு குரலுக்கு எழுதுவது என்றால் எல்லோருக்கும் அதே சொற்கள், அதே தாளம், ஆனால் சுரம் மட்டும் வேறு வேறு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு. நாலும் இழைந்து வரும்போது கேட்கிறவர் நாலு என்று எண்ணமாட்டார்; ஏதோ ஒரே ஒரு பெரிய குரல் என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைக்கவைப்பதுதான் சுரத்தின் வித்தை. அதில் அவர் கெட்டிக்காரர், பொய் சொல்லக்கூடாது.

அவர் எழுதுகிற முறை இருபத்திரண்டு வருஷமாக மாறவில்லை. பழுப்பு நிற அனுப்புகைப் படிவத்தின் பின்பக்கத்தில் நீளவாக்கில் நான்கு வரி. முதல் வரியில் பாட்டின் மெட்டு. அது கவுண்டர் பெண்மணிக்கும் அவளோடு நிற்கும் மூன்று பேருக்கும். அவள் குரல் எழும்பினால் வாசலில் சைக்கிள் விடுகிறவன் திரும்பிப் பார்ப்பான், அதனால் அந்த வரியின் தலையில் 'சைரன்' என்று எழுதுவார். அடுத்து ஒரே தாவாகக் கடைசி வரிக்குப் போவார். அது அடிக்குரல், வேன் ஓட்டுகிறவரும் இன்னும் இருவரும். அதன் தலையில் 'டிரைவர்'. பிறகு மூன்றாம் வரி, மேல்மாடியில் பதிவுத் தபால் பார்க்கும் மூன்று ஆண்களுக்கு. அதன் தலையில் 'மாடி'. இந்த மூன்றையும் எழுதி முடித்து, தள்ளிவைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்ட பிறகுதான் இரண்டாம் வரிக்கு வருவார்.

அங்கே யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்காது. சைரன் ப பாடுகிறாள், டிரைவர் கீழே ச பிடித்திருக்கிறார், மாடிக்காரர்களுக்கும் ஒரு ச கொடுத்தாயிற்று என்றால், யாரும் எடுக்காமல் க நிற்கும். அந்த க இரண்டாம் வரிக்கு. அடுத்த இடத்தில் யாரும் எடுக்காமல் நி நின்றால் நி. அந்த வரியின் தலையில் அவர் எழுதுவது 'மிச்சம்'.

சொல் அவர் கண்டுபிடித்தது அல்ல. பிரிப்புக்கூடத்தின் சுவர் முழுக்கத் தொண்ணூற்றாறு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு வட்டாரம். விலாசம் அழிந்தது, எண் இல்லாதது, எந்த அறையிலும் சேராதது எல்லாம் கடைக்கோடியில் இருக்கும் மரப்பெட்டிக்குப் போகும். அதன் மேல் எந்தக் காலத்திலோ யாரோ வெள்ளைப் பெயின்டில் 'மிச்சம்' என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் தீர்த்துவைப்பதுதான் சுரத்தின் அன்றாட வேலை. பாதி விலாசத்தை வைத்துக்கொண்டு வீட்டையே கண்டுபிடித்துவிடுவார். கையெழுத்தைப் பார்த்து எழுதியவர் இடதுகைக்காரர் என்பார். அந்தச் சொல்லை அவர் பாட்டுக்கும் எடுத்துவந்தபோது கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்க முடியாது. நல்ல எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. கைக்கு வந்தது, எழுதினார்.

அந்த இரண்டாம் வரியைப் பாடுகிறவள் அவருடைய மனைவி.

அதே கட்டிடத்தில் பார்சல் பிரிவில் எடை போடுகிற வேலை அவளுக்கு. தாழ்ந்த, தட்டையான, அசையாத குரல். ஆண்பிள்ளைகளே எட்டிவிடக்கூடிய உயரம். அந்த வரியில் அவள் ஒருத்திதான். முன்பு துணைக்கு இருவரைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதத்தில் இருவரும் மெட்டின் பக்கம் சரிந்து சைரனோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? பக்கத்தில் ஒருத்தி பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது, எட்டுத் தாள அடிக்கு ஒரே சுரத்தில் நின்றுவிட்டு, காரணமே இல்லாமல் ஒரு படி இறங்கி, மறுபடி அங்கேயே நிற்பது மனுஷ சுபாவத்துக்கு விரோதம். அந்த வரியைத் தனியாகப் பாடினால் பாட்டு என்றே யாரும் சொல்லமாட்டார்கள். இவள் மட்டும் நின்றாள். "நீ இல்லாட்டி மொத்தமும் விழுந்துடும்" என்று சுரம் அவளிடம் சொல்வார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, வருஷத்துக்கு நாற்பது தடவை.

எழுதி முடித்த தாளை நான்கு துண்டாக நறுக்கிப் பிரதி எடுத்து, அவரவர் வரியை மட்டும் அவரவரிடம் கொடுப்பது குழுவின் வழக்கம். முழுத்தாளைக் கொடுத்தால் ஆளாளுக்கு அடுத்தவர் பாகத்தில் மூக்கை நுழைப்பார்கள் என்பது அவர் கட்சி. மனைவியின் துண்டை மட்டும் வீட்டிலேயே காலையில் அவளுடைய டம்ளருக்கு அடியில் வைத்துவிடுவார். தலைப்பெல்லாம் இருக்காது. வீட்டுக்குள் விலாசம் எதற்கு? முழுத்தாள்கள் பச்சை நிற ஃபைலில், கூடத்தில் அவருடைய பூட்டாத மேஜை டிராயரில், யாரும் தொடாமல் இருந்தன.

அலுவலகக் குழுக்களுக்கு வருஷாவருஷம் நடக்கும் பாட்டுப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது சுரத்துக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். வீங்கிய கன்னத்தோடு வீட்டில் கிடந்தார். அன்றைக்கென்று பார்த்து சைரன் தன் துண்டைத் தொலைத்தாள். சூப்பர்வைசர் பார்சல் பிரிவுக்கு வந்து, "கொஞ்சம் அந்த ஃபைலைப் பார்த்து ஒரு பிரதி எடுத்துக் குடுத்துடுங்கம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தப் பச்சை ஃபைலைத் திறந்தாள்.

மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது சுரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் கைப்பையை மாட்டினாள், கை கழுவினாள், ஃபைலை அவர் மடியில் வைத்தாள்.

"அறுபத்தோரு பாட்டு" என்றாள். "எண்ணினேன். எல்லாத்துலயும் ரெண்டாவது வரியில மிச்சம்னு எழுதியிருக்கு. மிச்சம்னா நான்தானா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்; பஞ்சுதான் வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "அஹ்து... அப்படி இல்ல" என்றார்.

"எப்படி?"

"நம்ம கூடத்துல பெட்டி இருக்குல்ல. அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை. வேற யாராலயும் முடியாதுன்னுதானே என்கிட்ட குடுத்திருக்காங்க. அந்த மாதிரி. மதிப்பான இடம் அது."

"அது பெட்டியைப் பார்க்கற உங்களுக்கு மதிப்பு. உள்ள கிடக்கற தபாலுக்கு என்ன மதிப்பு?"

சுரம் மென்று விழுங்கினார். மெல்லக்கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார்.

"க இல்லாட்டி எல்லாம் வெறும் கூடுடி" என்று மறுபடி தொடங்கினார். "கேட்கறவனுக்கு அது தனியாத் தெரியாது. ஆனா எடுத்துட்டா விழுந்துடும். உன்னால மட்டும்தான் அது முடியும்."

"முடியுதுன்னா என் தலையில போட்டுடுவீங்களா?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஏனென்றால் சத்தத்துக்குச் சத்தம் என்று ஒரு வழி இருக்கிறது. எதிரே மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க அண்ணனுக்கு இருக்கறது ஒரே பொண்ணு" என்றாள்.

இது வரும் என்று அவருக்குத் தெரியும். எட்டு வருஷமாக வராமல் இருந்ததுதான் அதிசயம். அண்ணன் மகள் கல்யாணமும் அந்த வருஷப் போட்டியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. இவர் அப்போதும் அதைத்தான் சொன்னார், நீ இல்லாட்டி விழுந்துடும் என்று. அவள் அண்ணனைக் கூப்பிட்டு வரமுடியாது என்றாள். "அப்படி என்னம்மா வேலை?" என்று அண்ணன் கேட்டார். "பாட்டு" என்றாள். மறுமுனையில் போனை வைத்துவிட்டார். அந்த வருஷம் இவர்களுக்கு இரண்டாம் பரிசு.

"அன்னைக்கு வெச்ச போன்தான்" என்றாள் இப்போது. "கூப்பிட எனக்கும் முகம் இல்ல. விழுந்துடும்னு நீங்க சொன்னீங்க, நம்பினேன். ஜுரத்தோட வந்து நின்னிருக்கேன். அந்த நம்பிக்கையிலதான் நின்னேன். அதுவும் இந்த மிச்சம் மாதிரி கைக்கு வந்ததைச் சொன்னதா, இல்ல நிஜமா?"

"நிஜம்."

"சரி. இந்த வருஷம் நான் பாடல. வந்து எதிர்ல உட்கார்ந்து கேட்கறேன். விழுதான்னு பார்க்கறேன்."

அவ்வளவுதான். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கஞ்சி வைத்துக்கொடுத்தாள், பல் பிடுங்கியவருக்கு வேறு என்ன கொடுக்கமுடியும்.

மறுநாள் கூடத்தில் செய்தி பரவியது. சைரன், "அக்கா இல்லாம எப்படி சார்?" என்று பதறினாள், ஆனால் அக்காவின் வரியைப் பாடச் சொன்னபோது நான்கு அடி தாண்டுவதற்குள் மெட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். அவளோடு நிற்கும் மூன்று பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று பேரும் அசடு வழிந்தார்கள். மாடிக்காரர்களில் ஒருவர், தனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டார். கடைசியில் சூப்பர்வைசர் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "எழுதினது நீங்கதானே சார், நீங்களே நில்லுங்க" என்றார். அவர் பதவிக்காலத்தில் எடுத்த ஒரே உருப்படியான முடிவு இதுவாக இருக்கலாம்.

சுரம் இதுவரை குழுவோடு நின்றதே இல்லை. கூடத்தின் அந்தக் கோடியில், எடைமேடைக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்பார். அங்கேதான் நாலும் ஒன்றாகச் சேர்ந்து வந்து விழும். இப்போது மனைவி நின்ற இடத்தில் நின்றார். இடப்பக்கம் சைரன். வலப்பக்கம் டிரைவர்.

முதல் நாளே விஷயம் விளங்கிவிட்டது. அங்கே பாட்டு என்று ஒன்று கேட்கவே இல்லை. இடது காதில் ஒரு கூச்சல், வலது காதில் வண்டி கிளம்புவது போல ஓர் உறுமல், நடுவில் தன்னுடைய ஒற்றைச் சுரம். அது இரண்டோடும் உரசிக்கொண்டு, தப்பாக இருக்கிறதே தப்பாக இருக்கிறதே என்று தோன்றவைத்தது. தான் எழுதியது சரி என்று தாள் சொல்கிறது. காது நம்பமாட்டேன் என்கிறது. அறுபத்தோரு பாட்டைத் தள்ளி நின்று ரசித்த மனிதர், பத்தாவது நிமிஷத்தில் மெட்டுக்குச் சரிந்தார். சைரன் பெருந்தன்மையாக, "பரவாயில்ல சார், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றாள். அவருக்கு மானம் போயிற்று.

வீட்டில் சாதகம் செய்தார். பாலத்தைப் பற்றிய பாட்டு அது, மூன்று சரணம். இரண்டாவது சரணத்தின் மூன்றாம் வரியில் தினமும் தவறாமல் சறுக்கினார். மனைவி அடுப்பங்கரையில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், கத்தியை நிறுத்தாமலே, "அந்த இடத்துல டிரைவர் மூச்சு விடுவார். அப்போ அவரைத் தேடாதீங்க, கிடைக்கமாட்டார்" என்றாள்.

"தாள்ல அப்படி எழுதலையே."

"நீங்க எழுதல. அவர் விடறார்."

கொஞ்ச நேரம் கழித்து, "சைரன் மேல போறப்ப இடது தோளைத் தூக்கிக் காதோட வெச்சுக்குங்க. நான் அப்படித்தான் செய்வேன்" என்றாள்.

வருஷக்கணக்காக அவர் கூடத்தின் கோடியிலிருந்து அவளைப் பார்த்து, தோளை இறக்கு, தோளை இறக்கு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தவர். மேடையில் அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அவள் இறக்குவாள், பிறகு அது தானாக ஏறிவிடும். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கணத்தில் அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதோடு சரி.

போட்டி நெருங்க நெருங்க அவர் மனசு ஒரு விசித்திரமான நிலைக்கு வந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் குழுவே அடித்துத் துரத்தியிருக்கும். பாட்டு விழவேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. தான் பாடுகிற லட்சணத்தில் அது நடுமேடையில் பொத்தென்று விழுந்தால், எல்லோரும் திரும்பிப் பார்த்தால், இருபத்திரண்டு வருஷமாகச் சொன்னது சத்தியம் என்று ஆகிவிடும். எட்டு வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். அதே நேரம், ஐந்து தடவை இரண்டாம் பரிசு வாங்கிய வயிற்றெரிச்சலும் இருந்தது. முதல் பரிசும் வேண்டும், பாட்டும் விழவேண்டும். இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு தூங்கி எழுந்தார் என்றால் அவருடைய ஜீரணசக்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

போட்டி ஒரு கல்லூரி அரங்கத்தில், பகல் இரண்டு மணிக்கு. மின்வாரியம், மருத்துவமனை, குடிநீர் அலுவலகம் என்று பன்னிரண்டு குழு. இவர்கள் ஒன்பதாவது. மேடையேறியதும் சுரம் அவளைத் தேடினார். ஆறாவது வரிசையில், ஓரத்து இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக்காரி ஏதோ கேட்க, தலையை மட்டும் ஆட்டினாள்.

சூப்பர்வைசர் கையைத் தூக்கினார். முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. தோளைக் காதோடு வைத்துக்கொண்டு, டிரைவரைப் பிடித்துக்கொண்டு, சுரம் தன் சுரத்தில் நின்றார். இரண்டாவது சரணம். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் டிரைவர் மூச்சு விட்டார். இவர் அவரைத் தேடக்கூடாது என்று தெரிந்தே தேடினார். அவ்வளவுதான், காலடியில் தரையே இல்லாத மாதிரி ஆகி, வாய் தானாகச் சைரனின் மெட்டுக்குத் தாவியது. மூன்று சொல் அந்த உயரத்தில், கரகரத்த ஆண்குரலில் போயிற்று. பிறகுதான் சுதாரித்தார். தன் வரி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. தப்பாகப் பாடுவதைவிடப் பாடாமல் இருப்பது மேல் என்று குரலை நிறுத்திவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தார்.

இதோ விழப்போகிறது என்று காத்திருந்தார்.

மூன்றாம் வரி முடிந்தது. நாலாவது வந்தது, போயிற்று. சைரன் மேலே எழும்பினாள், டிரைவர் கீழே உறுமினார், மாடிக்காரர்கள் நடுவில் வஞ்சகமில்லாமல் இழுத்தார்கள். மூன்றாம் சரணம் தொடங்கியது. பாலம் கட்டி முடித்தார்கள், அதன் மேல் ஜனங்கள் நடந்தார்கள், பாட்டு முடிந்தது. ஒன்றும் விழவில்லை. சுரம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார், தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்ட மீன்தான். அரங்கம் கைதட்டியது. போன வருஷத்தைவிட அதிகமாகவே தட்டியது.

மிச்சக் குழுக்களும் பாடி முடித்த பிறகு நடுவர்களில் மூத்தவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். தபால்காரர்களிடம் ஒவ்வொரு வருஷமும் நான் ஒரு குறை சொல்வேன், கொஞ்சம் தெளிவு வேண்டும் என்று, இந்த வருஷம் அந்தத் தெளிவு வந்துவிட்டது, எது மெட்டு எது துணை என்று கண்ணாடி மாதிரி கேட்டது என்றார். முதல் பரிசு. சைரன் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். டிரைவர் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கினார். சூப்பர்வைசர் புகைப்படக்காரரிடம் தன்னுடைய நல்ல பக்கம் எது என்று விளக்கிக்கொண்டிருந்தார். சுரம் அந்தக் கும்பலில் இருந்து நழுவி வெளியே வந்தார்.

அரங்கத்தின் வெளிப்படியில் அவள் நின்றிருந்தாள். வெயில் நன்றாக இருந்தது. அவள் கண் சிவந்திருந்தது.

"ஜெயிச்சாச்சு" என்றார்.

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள். "உள்ள நின்னா எதுவுமே கேட்காது. இது இப்படி ஒரு பாட்டுன்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன். ரெண்டாவது சரணத்துல லேசா ஏதோ இடறின மாதிரி இருந்தது. அப்புறம் சரியாயிடுச்சு. உங்க குரலைத் தனியாப் பிரிச்சுப் பார்க்கணும்னு எவ்வளவோ காதைக் குடுத்தேன், முடியல. அதுதான் சரி போல. உள்ள கலந்துபோய் தாங்குதுன்னு நீங்க சொல்வீங்கல்ல." கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள். "நீங்க சொன்னது நிஜம்தான் போலிருக்கு. நடுவுல ஒண்ணு நின்னாத்தான் இப்படி வரும். அன்னைக்கு நான் அண்ணன்கிட்ட சொன்னது பொய் இல்ல. அது போதும் எனக்கு."

சுரத்துக்கு இனி செய்யவேண்டியது எதுவும் இல்லை. சும்மா இருந்தால் போதும். அவளே கேட்டு, அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் தோளைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்தில் வந்து நிற்பாள். அவர் வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் கைகூடியதில்லை. ஆனால் அது போதும் என்று அவள் சொன்னபோது முகத்தில் தெரிந்த நிம்மதியை அவரால் பார்க்கமுடியவில்லை. பச்சை ஃபைலைப் பற்றிக் கேட்டபோது பூசி மெழுகத் தெரிந்த மனிதருக்கு, இப்போது அது வரவில்லை.

"நான் பாடல" என்றார்.

"என்ன?"

"இடறினது நான்தான். அதுக்கப்புறம் வாயை மட்டும்தான் அசைச்சேன். அந்த மூணாவது வரியிலேர்ந்து கடைசி வரைக்கும். ரெண்டாவது குரலே கிடையாது."

அவள் அவரைப் பார்த்தாள். உள்ளே யாரோ மறுபடி கைதட்டினார்கள். பத்தாவது இடம் பெற்றவர்களுக்கும் ஏதோ கொடுக்கிறார்கள் போலிருந்தது.

"அப்போ விழல."

"விழல."

"யாருக்கும் தெரியவும் இல்ல."

"இல்ல. தெளிவா இருக்குன்னு சொன்னாங்க."

கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார், அதற்குத் தயாராகத்தான் சொன்னார். அவள் இரண்டு படி இறங்கி உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக அழுத்தினாள். சுரம் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு ஓர் ஆணின் குரல், வயதான குரல், யார் என்று கேட்டது சுரத்தின் காதிலும் விழுந்தது.

"நான்தாண்ணா" என்றாள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று அந்தக் குரல் பதறியது. "இல்லண்ணா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஒண்ணும் ஆகல. பாப்பா எப்படி இருக்கா? அப்படியா? ரெண்டாவதும் பொண்ணா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அண்ணா, அன்னைக்குக் கல்யாணத்துக்கு நான் வரலைல்ல. வேணும்னு இல்லண்ணா. நான் இல்லாட்டி ஆகாதுன்னு சொன்னாங்க. அதான் வரல."

மறுமுனை ஏதோ கேட்டது.

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"ஆகுமாம்ண்ணா" என்றாள்.